கோவிலம்பாக்கத்து மகளுக்குக் காளான் தேவையா?

மதுராந்தகம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் நம் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். 'மகளைக் கோவிலம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வாடகை வீடு. நாலு இடத்தில் பகுதி நேர வேலை பார்த்தும் கையில் காசு நிற்கவில்லை என்கிறாள். வீட்டுக்குள்ளேயே சிப்பிக்காளான் வளர்த்தால் நல்ல வருமானம் வரும் என்று கேள்விப்பட்டேன். வைக்கோல் நம்மிடமே இருக்கிறது. வழிமுறை சொல்லவும்.'

இதற்குப் பத்து வரியில் பதில் எழுதிவிடலாம். வைக்கோலை நறுக்கி 4 முதல் 5 மணி நேரம் ஊற வைக்க வேண்டும், வேக வைக்க வேண்டும், கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்த வேண்டும், பாலித்தீன் பையில் அடுக்கடுக்காக வித்து தூவிக் கட்ட வேண்டும். எழுதியும் முடித்துவிட்டேன். தபாலில் சேர்க்கும் முன் கடிதத்தை மறுபடி படித்தபோது 'நாலு இடத்தில்' என்ற சொல் உறுத்தியது. நாலு வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஐந்தாவதாக ஒன்றைக் கொடுக்கும் முன், அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டாமா? வாசகருக்குப் போன் செய்தேன். "நீங்களே ஒரு எட்டு போய்ப் பாருங்க சார், உங்களுக்குத் தாம்பரம் பக்கம்தானே" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சுற்றிய பக்கம்தான் அது. கீழ்க்கட்டளை தாண்டி மேடவாக்கம் பிரதான சாலையில் வந்தால் அப்போது இரண்டு பக்கமும் ஏரிப்பாசன நெல் வயல் கண்ணில் படும். பிறகு வயல் மனையானது. நெல்லுக்குப் பாய்ந்த கிணற்றுத் தண்ணீர் லாரியில் ஏறி நகரத்துக்குப் போனது. இப்போது அதே சாலையில் மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ தடத்தின் தூண்கள் நிற்கின்றன. கிழக்கே கொஞ்ச தூரத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 2019 முதல் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, மதுராந்தகத்து அப்பாவுக்கும் கோவிலம்பாக்கத்து மகளுக்கும் இன்று ஒரே மாவட்டம்தான்.

மதியம் இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் மாடியில் இரண்டு அறை உள்ள போர்ஷன். அப்போதுதான் அவர் வேலையிலிருந்து வந்து, ஸ்கூல் வேனில் வந்த பையனை இறக்கிக்கொண்டிருந்தார். வயது 27, பி.காம். படித்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கணவர் ஏ.சி. மெக்கானிக். மார்ச் முதல் ஜூன் வரை அவருக்கு நிற்க நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏ.சி.யை யார் போடப்போகிறார்கள்? அந்த மாதங்களில் வருமானம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். நம் பாஷையில் சொன்னால் ஒரு போக வருமானம். அதை ஈடுகட்டத்தான் இந்தப் பெண் நாலு ஊடுபயிர் போட்டிருக்கிறார்.

"உக்காருங்க சார், அரிசி ஊறியிருக்கு, போட்டுட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். அடுத்த நிமிடம் கிரைண்டர் சத்தம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஊறப் போட்ட இட்லி அரிசி 4 கிலோ, உளுந்து 1 கிலோ. அரைத்தால் ஏறக்குறைய 12 கிலோ மாவு. ஒரு கிலோ கவர் 40 ரூபாய். ஐந்து மணியிலிருந்து அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட்காரர்கள் வாங்கிப் போகிறார்கள்.

இது முதல் வேலை. இரண்டாவது, காலை பத்தரை முதல் இரண்டு மணி வரை ஒரு மளிகை ஸ்டோரில் பில் போடுவது, மாதம் 6,000 ரூபாய். மூன்றாவது, மாலை ஐந்தரை முதல் ஏழு வரை தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ட்யூஷன், தலைக்கு 400. நான்காவது, ஒரு தையல் கடையிலிருந்து வாங்கி வரும் பிளவுஸ்களுக்குக் கை ஹெம்மிங் போட்டு ஊக்கு வைத்துத் தருவது. ஒன்றுக்கு 25 ரூபாய். அதைச் சாப்பாட்டுக் கடை முடிந்து, பையன் தூங்கியபிறகு ஒன்பதரைக்கு எடுப்பார். இரண்டு பிளவுஸ் முடிக்கும்போது மணி பன்னிரண்டை நெருங்கும். மறுபடி ஐந்து மணிக்கு எழ வேண்டும். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏறும் நேரம் அதுதான்.

"எல்லாமே பார்ட் டைம்தான் சார். அதனால வேலைக்குப் போற மாதிரியே தெரியாது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கிரைண்டர் கல்லை வழித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் காளானைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒரு வாரத்துக்கு எந்த வேலையை எத்தனை மணிக்கு ஆரம்பித்தார், எப்போது முடித்தார் என்று மட்டும் எழுதச் சொன்னேன். உழவர்களைப் பண்ணைப் பதிவேடு எழுதச் சொல்லி முப்பது வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், பத்துப் பேர் எழுதியிருந்தால் அதிகம். இந்தப் பெண் ஏழு நாளும் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

கணக்கு இப்படி வந்தது. மாவில் ஒரு நாள் வரவு 480 ரூபாய். அரிசி 180, உளுந்து 130, வெந்தயமும் உப்பும் 5, கவர் 12, கரண்ட் 8, ஆகச் செலவு 335. (வீட்டு ஓனர் தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இந்தப் போர்ஷன் வரை வந்து சேரவில்லை.) மிச்சம் 145. கழுவி, ஊற வைத்து, அரைத்து, கவர் போட்டு, கல்லைக் கழுவி வைக்க இரண்டரை மணி நேரம். மணிக்கு 58 ரூபாய்.

ஸ்டோர் வேலை மூன்றரை மணி நேரம்தான் என்று அவர் நினைத்திருந்தார். போகவர 40 நிமிடம் ஆகிறது என்று அவருடைய நோட்டே சொன்னது. அதையும் சேர்த்தால் மாதம் 108 மணி நேரம், மணிக்கு 55 ரூபாய். ட்யூஷன் மாதம் 22 நாள், 33 மணி நேரம், 3,200 ரூபாய். மணிக்கு 97. நான்கிலும் இதுதான் நல்ல விளைச்சல். பிளவுஸ் ஒன்றுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகிறது. மாதம் 40 பிளவுஸ், 47 மணி நேரம், 1,000 ரூபாய். மணிக்கு 21 ரூபாய். அதுவும் தூக்கத்தை விற்று.

நான்கையும் கூட்டினால் மாதம் 253 மணி நேரம், 13,970 ரூபாய். நாளுக்கு எட்டு மணி நேரம் வீதம் 26 நாள் வேலை பார்க்கிறவருக்கே 208 மணி நேரம்தான் வரும். அதாவது, பகுதி நேரம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவர், முழு நேர வேலையைவிட 45 மணி நேரம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார். சமையல், துணி, பையன், மாதம் ஒருமுறை மாமியார் வீட்டுக்குப் போய்வருவது எதுவும் இதில் சேரவில்லை.

அதற்கும் கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்கள் கொடுப்பது 88 நிமிடம். இதை என் வீட்டில் படித்துக் காட்டினேன். "88 நிமிஷமா? எந்த ஊர் ஆம்பளைங்க அது?" என்றார் என் மனைவி. பேச்சை மாற்றிவிட்டேன்.

நெல்லுக்கு ஆதரவு விலை நிர்ணயிக்க, வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் சாகுபடிச் செலவைப் பல விதமாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், டிராக்டர், கூலி என்று கையிலிருந்து போனது ஏ-2. அதோடு, கூலி வாங்காமல் வயலில் இறங்கும் வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் ஏ-2 கூட்டல் எஃப்.எல். சொந்த நில வாடகை, முதலுக்கான வட்டி வரை சேர்த்தால் சி-2. சி-2 மேல்தான் விலை வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்கின்றன, நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தால் நாம் யாருமே எஃப்.எல். போடுவதில்லை. களையெடுத்த மனைவிக்குக் கூலி எழுதுவதில்லை. அந்த வீட்டில் வளர்ந்த பெண்தானே இவர்? 480 ரூபாய் வந்தது, 335 போனது என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

இப்போது காளானுக்கு வருவோம். கேள்வி அதுதானே. முப்பது படுக்கை என்று வைத்துக்கொள்வோம். படுக்கைக்கு அரை கிலோ காய்ந்த வைக்கோல். ஒரு கிலோ வைக்கோலுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம். 15 கிலோ வைக்கோலுக்கு 12 கிலோ. கிலோ 200 ரூபாய்க்கு நேரடியாக விற்றால் 2,400. இரண்டு படுக்கைக்கு ஒரு வித்துப் பை வீதம் 15 பை, நான் விசாரித்த விலை 45 ரூபாய், ஆக 675. பாலித்தீன் பை, கேஸ் எல்லாம் சேர்த்து இன்னும் 325. மிச்சம் 1,400. இது 45 நாளுக்கு. வைக்கோல் வேக வைத்துப் படுக்கை போட, தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க, அறுத்து விற்க என்று 24 மணி நேரமாவது ஆகும். மணிக்கு 58 ரூபாய். மாவுக்கு வருகிற அதே 58. எனக்கே ஏமாற்றமாகத்தான் இருந்தது. இதுவும் எல்லாம் சரியாக நடந்தால். பச்சைப் பூசணம் விழுந்தாலோ, வெயில் ஏறி அறை சூடானாலோ இந்தக் கணக்கு நிற்காது. சிப்பிக்காளானுக்கு 23 முதல் 28 டிகிரி வேண்டும். சென்னைப் பக்கம் அது மழை, பனிக் காலத்தில்தான் சுலபம். கோடைக்குப் பால் காளான் தாங்கும், ஆனால் அதற்கு மேல்மண் போட வேண்டும், நாளும் கூடும்.

இவ்வளவும் கணக்கு. முடிவு செய்ததோ வேறு ஒன்று. முதல் நாள் போனபோதே அலமாரி மேல் பையனின் இன்ஹேலரைப் பார்த்தேன். மழை வந்தால் வீசிங் வருமாம். சிப்பிக்காளான் முதிர்ந்தால் கோடிக்கணக்கில் வித்துத்தூள் உதிரும். காற்றோட்டம் குறைந்த இடத்தில் அதைச் சுவாசித்தால் இருமல், மூச்சிரைப்பு வரும். காளான் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கே அந்தத் தொந்தரவு உண்டு. இரண்டு அறை வீட்டில், வீசிங் உள்ள குழந்தை தூங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், முப்பது படுக்கை தொங்கவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'வீட்டுக்குள்ளேயே காளான்' என்று எழுதுகிற எல்லோரும், நானும் உட்பட, இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருந்தால், குடியிருக்கும் அறையில் காளான் வேண்டாம். தனிக் கொட்டகை இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

வாசகருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் விடவில்லை. "அப்ப நம்ம மாட்டுக் கொட்டாய்ல ஒரு பக்கம் தடுத்துப் போட்டுடறேன் சார். அவங்க அம்மா பாத்துக்குவா. காலையில ரயில்ல தாம்பரத்துக்கு அனுப்பிவிட்டா மக வித்துக்கட்டும்." யோசனை நல்லதுதான். இடமும் வைக்கோலும் இருக்கிற ஊரில் விளைச்சல், வாங்கும் ஆள் இருக்கிற ஊரில் விற்பனை. மகளிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அம்மா பாத்துக்குவான்னு அப்பா சொன்னாரா?"

"ஆமாம்மா."

"அம்மா ஏற்கெனவே ரெண்டு மாடு பாக்குது, நூறு நாள் வேலைக்குப் போவுது, பாட்டியையும் பாத்துக்குது. அம்மாவுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் குடுங்க சார்."

அதற்கு மேல் அந்த யோசனையை நான் வற்புறுத்தவில்லை.

பிளவுஸ் வேலையை விடச் சொன்னேன். மணிக்கு 21 ரூபாய் வேலையை யாரும் விடச் சொல்வார்கள். அவர் சம்மதிக்கவில்லை. காரணம் கேட்டேன். மாவுப் பணம் மளிகைக்குப் போகிறது. ஸ்டோர் சம்பளம் வாடகைக்கு. ட்யூஷன் பணம் பையனின் ஸ்கூலுக்கு. அந்த 1,000 ரூபாய் ஒன்றுதான் யாரும் கணக்குக் கேட்காத பணம். அதைத் தபால் நிலையத்தில் ஆர்.டி.யாகக் கட்டிக்கொண்டிருக்கிறார், தன் பெயரில். "அது நின்னுட்டா மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் சார். எனக்கே தெரியும்." என் கணக்கில் கடைசியாக வந்த வேலை, அவர் கணக்கில் முதலாவதாக இருந்தது. மணி நேரக் கூலியை வைத்து மட்டும் நான் தீர்ப்புச் சொன்னது தப்பு.

ஆனால் அந்த ஆயிரத்தை வேறு இடத்திலிருந்து எடுக்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மாவு விலையை 40-லிருந்து 45 ஆக்கலாம் என்றேன். பயந்தார். ஆள் போய்விடுவார்களே என்றார். பன்னிரண்டு கிலோவில் இரண்டு கிலோ விற்காமல் போனால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தோம். பத்துக் கிலோ 450 ரூபாய், செலவு 279, மிச்சம் 171. முன்பு 12 கிலோ அரைத்துக் கிடைத்தது 145. ஆள் குறைந்தும் நாளுக்கு 26 ரூபாய் கூட வருகிறது, மாதம் 676. அவர் அந்தத் தாளை இரண்டு தடவை சரிபார்த்தார். பி.காம். அல்லவா! நெல்லுக்கும் கத்தரிக்காய்க்கும் விலை வைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. மாவுக்கு அவரிடம் இருந்தது, அதைத் தொடவே இல்லை. ட்யூஷனில் தலைக்கு 50 ரூபாய் கூட்டினால் இன்னொரு 400. ஆக 1,076. ஆர்.டி. நிற்காது.

வேறு சில சின்ன விஷயங்களும் பேசினோம். இதே நிலையில் இருக்கும் மற்ற பெண்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். மாவு மாதிரி சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் போதும், ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். பதிவு எண் கவரில் இருந்தால் விலை கேட்கவும் ஒரு தைரியம் வரும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லாத அமைப்புசாரா தொழிலாளர்கள் 16 முதல் 59 வயது வரை இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யலாம். தையல் வேலை செய்வோருக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. பிரதமரின் விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள், இறப்புக்கு 2 லட்சம். கடையில் நின்றுகொண்டே பில் போடுவதாகச் சொன்னார். 2021-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு கடைகள் சட்டப்படி, பணியாளர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும். சட்டத்தைக் காட்டிச் சண்டை போட வேண்டாம், ஒரு ஸ்டூல் கேளுங்கள் என்றேன்.

முக்கியமானது ரேஷன் கார்டு. இவர் பெயர் இன்னும் மாமியார் வீட்டுக் கார்டிலேயே இருக்கிறது. மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். மாமியார் வாங்குகிறார். இவர்கள் தனிக் குடித்தனம் வந்து நாலு வருடம் ஆகியும் தனிக் கார்டுக்கு எழுதவில்லை. எழுதினால் மாமியார் தப்பாக நினைப்பாரோ என்று தயக்கம். இதில் நான் தலையிட முடியாது. மாமியாரின் தொகை நிற்காது, இவர்கள் தனிக் குடும்பமாக விண்ணப்பிக்கலாம், தகுதி இருந்தால் கிடைக்கும் என்று மட்டும் கணவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். தம்பி நல்ல மாதிரி. நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், "நைட்டு பன்னெண்டு மணி வரைக்குமா தைக்கிறே?" என்று கேட்டார். அவர் ஒன்பது மணிக்கே அசந்து தூங்கிவிடுகிறவர், உண்மையிலேயே தெரியவில்லை. இப்போது மாலையில் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவி வைப்பது அவர் வேலை, சீக்கிரம் வருகிற நாட்களில்.

மாவு விலை மாறி ஒன்றரை மாதம் ஆகிறது. இரண்டு வீட்டார் நிறுத்தினார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார். ட்யூஷனில் ஒரு தாயார் மட்டும் 50 ரூபாய் தர முடியாது என்றாராம். அவர் வீட்டு வேலைக்குப் போகிறவர், அதனால் அவருக்குப் பழைய தொகையே. பிளவுஸ் இன்னும் முழுதாக நிற்கவில்லை. நாற்பது, பத்தாகக் குறைந்திருக்கிறது. "முகூர்த்த சமயத்துல அந்த டெய்லர் அக்காவைக் கைவிட முடியாது சார்" என்றார்.

மதுராந்தகம் வாசகருக்கு என் பதில்: வைக்கோலை மாட்டுக்கே வையுங்கள். காளான் போடத்தான் வேண்டுமென்றால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று கேட்டு, முதலில் நீங்கள் போய்க் கற்று வாருங்கள், தண்ணீர் தெளிப்பதும் நீங்களே. அடுத்த தடவை மகளைப் பார்க்கப் போகும்போது உங்கள் வயல் உளுந்து பத்துக் கிலோ கொண்டுபோங்கள். கடையில் அவர் கிலோ 130-க்கு வாங்குகிறார். உங்களிடம் வியாபாரி அந்த விலைக்கு எடுக்க மாட்டார். இடையில் ஒரு விலை பேசிக்கொள்ளுங்கள், சும்மா கொடுத்தால் மகள் வாங்கமாட்டார் போலத் தெரிகிறது.